ஒருவர் மட்டும் கேட்ட கேள்வி

செங்கற்பட்டு
19-6-1955

அன்புள்ள அக்காவுக்கு, சம்பூர்ணம் நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சௌக்கியம். நீயும் அத்திம்பேரும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்? சித்திரையில் வருகிறேன் என்றாய், வரவில்லை. உனக்கென்று அம்மா எடுத்து வைத்த வடுமாங்காயில் பாதியை நானே தின்றுவிட்டேன். மீதியும் அதிக நாள் தாங்காது.

பள்ளிக்கூடம் திறந்து நான் நாலாவது பாரத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. சென்னையில் ஆராவமுதன் சித்தப்பா குமாஸ்தாவாக இருக்கும் நூலகக் குழுவுக்கு, ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் மானியம் கொடுத்திருக்கிறதாம். நூலகங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவோ இருந்தாலும், மானியம் மூன்று ஆராய்ச்சிகளுக்குத்தான் போதும். எந்த மூன்று என்று முடிவு செய்வதற்காக, ஒவ்வொரு கிளை நூலகமும் தன் வாசகர்களைக் கேட்டு ஐந்து கேள்விகள் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது.

எங்கள் நூலகர் திருவேங்கடம் சார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "உன் கையெழுத்து நல்லாகீது. நீயே கேட்டு நீயே எழுதிடு" என்றார். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நூலால் பென்சிலைக் கட்டிக்கொண்டு மாலை வேளைகளில் வாசற்படி அருகே உட்காருகிறேன். முதல் நாள் நாலு பேர் கேள்வி சொன்னார்கள். ஒருவர், மின்விசிறி ஏன் சுற்றுவதில்லை என்பதை ஆராயச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பியூன் எல்லப்பன் பஸ்ஸில் உங்கள் ஊருக்குக் கொண்டுவரும் புத்தகப் பெட்டியும் எங்கள் நூலகத்துடையதுதான். அதனால் நீங்களும் எங்கள் வாசகர்கள். ஏசுபாதம் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் பெட்டி திறக்கும்போது, அங்கே வருகிறவர்களைக் கேட்டு எழுதி அனுப்புவாயா? ஒரு கேள்வியும் விட்டுவிடாதே.

உன் அன்புள்ள,
சம்பூர்ணம்


மாமல்லபுரம்
1-7-1955

சிரஞ்சீவி சம்பூர்ணத்துக்கு ரமா ஆசீர்வாதம். உன் கடிதம் எல்லப்பன் கையில் பத்திரமாக வந்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. வடுமாங்காயைப் பற்றி மட்டும் விவரமாக எழுதத் தெரிகிறது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஆண்கள் கூடுகிற இடம், மாமியார் விடமாட்டார். எனக்குப் புத்தகம் எடுத்து வருவது பூக்காரி மகள் வேண்டாதான். அவளையே கேள்வி கேட்டு வரச் சொன்னேன். இவ்வளவு கிடைத்தன.

உப்புக் காற்றில் புத்தகம் தைத்த கம்பி துருப்பிடித்து ஏடு ஏடாக விழுகிறது. கம்பி இல்லாமல் தைக்க வழி உண்டா? இது ஏசுபாதம் மாஸ்டருடையது. படம் நிறைந்த புத்தகங்களை ஏன் வீட்டுக்குத் தருவதில்லை? இது கல் தச்சர்கள் ஏழு பேரும் சேர்ந்து கேட்டது. வேண்டாவுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "படிக்கத் தெரியாதவங்களுக்கு அந்தப் பொட்டியில இன்னா கீது?" என்றாள். அதை அப்படியே எழுது. அழகுபடுத்தாதே.

இன்னொன்று. அடுத்த தெருவில் ஒரு பெண். அவள் உடம்பில் ஒரு தேமல் வந்திருக்கிறது, ஆறு மாதமாகப் போகவில்லை. இன்னும் வைத்தியரிடம் காட்டவில்லை. தொற்று நோய் இருக்கும் வீட்டார் நூல் எடுக்கக் கூடாது என்று பெட்டி மூடியில் விதி ஒட்டியிருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. நோய் புத்தகத்தின் வழியாகப் போகுமா? எந்த நோய் போகும், எது போகாது? வெயிலில் வைத்து எடுத்தால் போதுமா? யாராவது பார்த்து, தெரிந்து, பிறகுதான் அந்த விதியை எழுதினார்களா? இதுதான் அவள் கேள்வி. கையிலிருக்கும் புத்தகத்தைப் படிக்கவும் பயம், திருப்பிக் கொடுக்கவும் பயம். துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். பதில் தெரியும்வரை இனி ஒரு புத்தகத்தையும் தொடமாட்டாளாம். சம்பு, இந்தக் கேள்வியை முதலில் எழுது.

என் எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. வெண்கலப் பானையை இறக்கும்போது விரலில் சுட்டுவிட்டது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது. வலி இல்லை.

ரமா


செங்கற்பட்டு
12-7-1955

அன்புள்ள அக்கா, நமஸ்காரம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போதுதான் வலிக்கிறது. உன் விரலுக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறாள்.

உன் கேள்விகளைப் படித்துத் திருவேங்கடம் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மொத்தம் முப்பத்தேழு கேள்விகள் சேர்ந்தன. அதிலிருந்து ஐந்தை எப்படி எடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குப் பிடித்ததை எடுத்தால் அது என் பட்டியல் ஆகிவிடும். எங்கள் வகுப்பில் தலைவியைத் தேர்ந்தெடுத்த விதம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நேராக, அதைக் கேட்ட ஆளுக்கு ஒரு கோடு போட்டேன். அதிகக் கோடு வாங்கியது முதலில். யாரும் குறை சொல்ல முடியாது, இல்லையா?

கம்பி துருப்பிடிப்பது முதலில் வந்தது. இங்கேயும் பலர் கேட்டிருந்ததால் பத்தொன்பது கோடு. வேண்டாவின் கேள்வியை வாசித்துக் காட்டியதும் இன்னும் ஐந்து பேர் அது தங்களுக்கும் வேண்டும் என்றார்கள், அதனால் ஐந்தாவதாக நுழைந்துவிட்டது. அவளிடம் சொல்.

அடுத்த தெருப் பெண்ணின் கேள்விக்கு ஒரே கோடு. கடைசியில் மின்விசிறியோடு சேர்ந்து நிற்கிறது. "இது டாக்டரைக் கேக்க வேண்டிய கேள்விம்மா" என்று சாரும் சொன்னார். நீ முதலில் எழுதச் சொன்னதால் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் அக்கா சொன்னாள் என்பதற்காக ஒரு கேள்வியை மேலே ஏற்றினால் அது நியாயமா? நீயே சொல்வாய், நியாயம் இல்லை என்று.

உன்,
சம்பூர்ணம்


மாமல்லபுரம்
5-8-1955

சம்பூர்ணத்துக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம்.

பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. நீ சொன்ன நியாயம் சரிதான். நான் குறை சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்காக இன்னும் சிலரைக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு கோடு என்றால் பத்துப் பேர் கேட்டால் போதுமே. இந்தத் தெருவில் இரண்டு வீட்டு வாசல்வரை போய், வெயில் அதிகம் என்று பேசிவிட்டுத் திரும்பினேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால், எதிரே இருப்பவர் முதலில் நம் கையைத்தான் பார்ப்பார். கேள்வியை எப்படிக் கேட்பது?

ஐந்தை ஆறாக அனுப்ப முடியுமா என்று சாரைக் கேட்டுப் பார். முடியாது என்றால் விட்டுவிடு. விளக்கெண்ணெய் தடவுகிறேன்.

ரமா


செங்கற்பட்டு
16-8-1955

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். உன் கடிதம் பார்த்தபோது பட்டியல் போய்விட்டிருந்தது. ஒன்றாம் தேதியே தபாலில் சேர்த்தாயிற்று. ஆறு கேள்வி அனுப்பினால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்களாம். சித்தப்பா எழுதியிருக்கிறார்: இத்தனை கிளைகளில், எந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதி அனுப்பியது நம் கிளை மட்டும்தானாம். தலைவர் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாராம். அப்பாவிடம் காட்டினேன். படிக்காமலே நன்றாயிருக்கிறது என்றார்.

அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளா? ஆறு வாரம் ஆகிவிட்டது. இங்கே அதற்கு நாலு பேர் பெயர் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்கள். தனக்கு ஒரு கவலை என்றால் பிறருடைய முறையைப் பிடித்து வைத்துக்கொள்வதா? கொஞ்சம் சுயநலக்காரியாக இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ எடுத்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா திடீரென்று உங்கள் ஊருக்கு வந்தாரே, என்னையும் அழைத்துப் போகச் சொல்லி அழுதேன். சாயந்திரம் திரும்பியவர் வாசலில்கூட நிற்காமல் கொல்லைக் கிணற்றுக்குப் போய், உடுத்திய வேஷ்டியோடு தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டார். யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நீ எனக்கு ஒன்றும் கொடுத்தனுப்பவில்லையா?

உன்,
சம்பூர்ணம்


செங்கற்பட்டு
18-9-1955

அன்புள்ள அக்கா, நமஸ்காரம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சௌக்கியமா என்று வழக்கமாகக் கேட்பேன், இன்று நிஜமாகவே கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை எல்லப்பன் பெட்டியோடு கிளம்பும்போது உனக்குக் கடிதம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு, "உங்க அக்கா அங்க இல்ல பாப்பா. ஆடி மாசமே இட்டாந்துட்டாங்க. இந்த ஊர்லதான் கீது" என்றார். இந்த ஊரில் எங்கே என்றேன். "உங்க நைனாவக் கேளு. நான் சொன்னன்னு சொல்லாத."

அப்பாவைக் கேட்டேன். உன்னைப் பற்றி யார் விசாரித்தாலும் மைசூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமாம். அக்கா, நமக்கு மைசூரில் பெரியப்பா ஏது? அம்மாவைக் கேட்டால் புளி கரைத்துக்கொண்டே அழுகிறாள். கொலு வைக்கப்போவதில்லை என்கிறாள்.

இதை எல்லப்பனிடமே கொடுக்கிறேன். நீ எங்கே இருந்தாலும் சேர்ப்பதாகச் சொல்கிறார். எங்கே என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். நீயாவது சொல்.

சம்பூர்ணம்


2-10-1955

என் சம்பூர்ணத்துக்கு,

நீ இருக்கும் வீட்டிலிருந்து மூன்று மைலில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே மலைப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, பஸ்ஸில் அதைத் தாண்டும்போது அம்மா நம் கண்ணைப் பொத்துவாளே, அங்கேதான்.

அடுத்த தெருவில் அப்படி ஒரு பெண் இல்லை. தேமல் என் இடது கையில், முழங்கைக்கு மேலே. அதில் ஊசியால் குத்தினாலும் தெரியாது. இப்போது விரல்களிலும் தெரிவதில்லை. இது பெருவியாதிதான், குஷ்டம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை இருக்கிறது, இரண்டு மூன்று வருஷத்தில் குணமாகும் என்கிறார். குணமான பிறகு எங்கே போவது என்பது டாக்டரைக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. அத்திம்பேர் நல்லவர். அப்பா என்னை இங்கே அழைத்து வந்த அன்று பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். பஸ்ஸில் ஏறவில்லை.

அப்பாவைக் கோபிக்காதே. உனக்கு ஒரு கல்யாணம் ஆக வேண்டும்.

உன் ஆகஸ்டு மாதக் கடிதத்தையும் வேண்டா எல்லப்பனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. நாலு பேர் காத்திருந்தது எனக்கும் தெரியும்.

இங்கே டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். புத்தகத்தால் இந்த வியாதி வந்ததாக இத்தனை வருஷத்தில் ஓர் ஆளையும் அவர் பார்த்ததில்லையாம். ஆனால் அவர் வாயால் சொல்வதை வைத்து நூலகம் விதியை மாற்றாது. அவர்கள் எழுதிக் கேட்டால், மற்ற நோய்களையும் சேர்த்துச் சோதித்துப் பார்த்து எழுத்தில் கொடுக்கத் தயார் என்கிறார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

இங்கே படிக்க ஒன்றும் இல்லை, சம்பு. மருந்து சுற்றி வரும் காகிதத்தைக்கூட முறை வைத்துப் படிக்கிறோம்.

எல்லப்பன் மனைவி இங்கே சமையல்கட்டில் வேலை செய்கிறாள். கடிதம் அவள் கையில் வரட்டும். படித்ததும் கையை நன்றாகக் கழுவிக்கொள். டாக்டர் வேண்டாம் என்றார். ஆனாலும் கழுவிக்கொள்.

ரமா


செங்கற்பட்டு
5-10-1955

மகா கனம் பொருந்திய சித்தப்பாவுக்குச் சம்பூர்ணம் அநேக நமஸ்காரம். இங்கே அனைவரும் க்ஷேமம். சித்தியும் குழந்தைகளும் சௌக்கியமா?

நான் அனுப்பிய பட்டியலில் ஒரு பிழை செய்துவிட்டேன். முதலில் வைக்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டேன். நோய் புத்தகத்தின் வழியாகப் பரவுமா, எந்த நோய் பரவும், எது பரவாது என்பது அந்தக் கேள்வி. இது தெரியாமலே விதி எழுதியிருக்கிறோம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர், குழு எழுதிக் கேட்டால் தாமே சோதித்துச் சொல்வதாக இருக்கிறார். குழு கூடும்போது இதைத் தயவுசெய்து சேர்க்க வேண்டும். நான் அனுப்பிய ஐந்தில் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர் எனக்குத் தெரிந்த ஒரு பெண். மாமல்லபுரத்தில் அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். பெயர் தெரியாது.

பணிவுள்ள,
சம்பூர்ணம்


சென்னை
29-10-1955

சிரஞ்சீவி சம்பூர்ணத்துக்கு ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். மைசூரில் ரமா சுகந்தானே? அண்ணா எழுதியிருந்தார்.

குழு இருபதாம் தேதி கூடியது. உன் கேள்வியை நானே எழுந்து படித்தேன். ஒரு குமாஸ்தா அப்படி எழுந்து பேசுவது வழக்கம் இல்லை, இருந்தாலும் பேசினேன். நல்ல கேள்வி என்று தலைவர் ஒப்புக்கொண்டார். எத்தனை வாசகர்கள் கேட்டார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஒருவர் என்றேன். அதன் பிறகு விவாதம் இல்லை.

தேர்வான மூன்று: புத்தகம் தைக்கும் முறை, தமிழ்ப் பெயர்களை அட்டவணைப்படுத்தும் ஒழுங்கு, படிக்கத் தெரியாதவர்களுக்கான நூலகப் பணி. உங்கள் கிளை அனுப்பியதில் இரண்டு தேறியிருப்பதை அப்பாவிடம் சொல். அடுத்த மானியம் மூன்று வருஷம் கழித்துத்தான்.

ஒன்று மட்டும் செய்யலாம். இந்த மூன்றில் ஒன்று நின்றுபோனால் எடுத்துக்கொள்ள ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நவம்பர் முப்பதாம் தேதிக்குள் பத்து வாசகர்கள் பெயரும் விலாசமும் எழுதிக் கையொப்பம் இட்டால் உன் கேள்வி அதில் ஏறும்.

உனக்கு இன்னொரு பெருமை. கேட்டவர்களை எண்ணி வரிசைப்படுத்திய உன் முறை குழுவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. இனி எல்லாக் கிளைகளும் அப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று விதியாகிவிட்டது. நாலாவது பாரம் படிக்கும் பெண் வகுத்தது என்று நான் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

உன் சித்தப்பா,
ஆராவமுதன்


செங்கற்பட்டு
6-11-1955

என் அன்புள்ள அக்கா,

சித்தப்பாவின் கடிதத்தைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியை நான் எழுதவில்லை. வேண்டாம் என்று தோன்றியது. பிறகு, நான் இனி உன்னிடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று நினைத்து, கீழே சேர்த்திருக்கிறேன்.

நான் அவருக்கு எழுதியபோது அடுத்த தெருப் பெண் என்றுதான் எழுதினேன். "என் அக்கா" என்று எழுதப் பேனாவை எடுத்தேன், அப்பா கூடத்தில் இருமினார், கை தானாக அடுத்த தெரு என்று எழுதிவிட்டது. நீ இரண்டு வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். உன்னைச் சுயநலக்காரி என்று எழுதிய கையும் இதுதான்.

ஆனால் வழி இருக்கிறது. பத்துப் பேர் போதும். வெளியே பத்துப் பேர் கிடைக்கமாட்டார்கள். உன்னோடு இருப்பவர்கள் கேட்கலாமே? அவர்கள் யாருக்குப் பயப்பட வேண்டும்? ஒரு வெள்ளைத் தாள் அனுப்பியிருக்கிறேன். கேள்வியை மேலே எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெயர், ஊர், கையொப்பம் மட்டும் வேண்டும். பத்துக்கு மேல் வந்தாலும் சரி, பின்பக்கம் இடம் இருக்கிறது. தபாலில் நானே சேர்ப்பேன்.

எல்லப்பனிடம் உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். "எங்க வூட்ல பன்னண்டு வருசமா அங்க சோறாக்குது. அது ஆக்குன சோத்த நானும் துன்னுகினுதான் கீறேன். இன்னா ஆயிடுச்சு?" என்றார். வேண்டா உன்னைக் கேட்டாளாம். ஏசுபாதம் மாஸ்டர் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாராம்.

நான் வாசல்வரையாவது வரட்டுமா? எந்த நாள் என்று எழுது.

உன்,
சம்பு


24-11-1955

என் சம்புவுக்கு ஆசீர்வாதம்.

மழையில் எங்கள் கொட்டகையில் ஒரு மூலை ஒழுகுகிறது. மற்றபடி சுகம். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் மயக்கம் வருகிறது. தேமலின் நிறம் மாறியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

உன் தாளை மூன்று நாள் தலைமாட்டில் வைத்திருந்தேன். இந்தப் பகுதியில் இருபத்துமூன்று பெண்கள். படிக்கத் தெரிந்தவர்கள் பதினொரு பேர். எல்லோரையும் உட்கார வைத்துக் கேள்வியை வாசித்தேன். பதினொரு பேரும் தங்களுக்கும் அதே கேள்விதான் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கை தூக்கினார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன்னை நினைத்துக்கொண்டேன்.

பெயரும் ஊரும் எழுத வேண்டும் என்றேன். முதலில் பேனாவை வாங்கியவள் பூவாயி. வாங்கி, தாளைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு மூணு பொண்ணு கீது ரமா. நான் செத்துட்டேன்னுதான் ஊர்ல சொல்லி வச்சிக்கீறாங்க. செத்தவ கையெழுத்துப் போட்டா அதுங்கள எவன் கட்டுவான்?" என்றாள். அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து துணி உலர்த்தப் போய்விட்டார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

நீ கேட்டாயே, யாருக்குப் பயப்பட வேண்டும் என்று. ஆளுக்கு ஒரு சம்பூர்ணம் வெளியே இருக்கிறாள்.

என் பெயரை மட்டுமாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ரமா என்று எழுதினேன். ஊர் என்ற இடத்தில் மாமல்லபுரம் என்று எழுத முடியாது, செங்கற்பட்டு என்றும் எழுத முடியாது. சித்தப்பாவின் மேஜைக்குத்தானே அந்தத் தாள் போகும். கிழித்துவிட்டேன். நல்ல தாள், வீணாகிவிட்டது.

முப்பதாம் தேதிவரை காத்திருக்காதே. வாசலுக்கும் வர வேண்டாம். நீ பள்ளிக்கூடம் போகும் பஸ் இந்த வழியாக வருவதில்லை என்பது எனக்கு ஒரு நிம்மதி.

அப்பாவும் அம்மாவும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

ரமா